கிட்டாரின் எண் மதிப்பெண் அல்ல

புழங்கிய பொருள்களை விற்கும் செயலிகளில் மின்கிட்டார் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? "ஜப்பானில் செய்தது, 1980ஆம் ஆண்டு, எஸ்டி-50" என்று ஒரு விளம்பரம் இருக்கும். அதற்குக் கீழே, "எஸ்டி-80, ஐம்பதைவிட உயர்ந்த ரகம்" என்று இன்னொன்று இருக்கும். இரண்டுக்கும் விலையில் பல நூறு வெள்ளி வேறுபாடு. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் தெரியும். உங்களிடம் இருப்பதோ தீபாவளி அன்பளிப்பும் பள்ளி விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணமும்தான். எதை வாங்குவீர்கள்?

நம்மில் பெரும்பாலோர் பெரிய எண்ணைத்தான் நாடுவோம். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து 80 என்றால் 50ஐவிட மேல் என்று பழகிவிட்டோம் அல்லவா? ஆனால், அந்த எண் மதிப்பெண் அல்ல. அது ஒரு விலைச்சீட்டு. அதுவும் 40 ஆண்டுகளுக்கு முன்னர் ஜப்பானியக் கடை ஒன்றில் தொங்கிய விலைச்சீட்டு. அதை எப்படிப் படிப்பது, எந்த இடத்தில் நம்புவது, எந்த இடத்தில் ஒதுக்கிவைப்பது என்று தெரிந்துகொண்டால் உங்கள் பணம் மிச்சமாகும். அறிவியல் பாடத்திலும் அது கைகொடுக்கும் என்பது என் கருத்து.

எண் எங்கிருந்து வந்தது?

1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் அமெரிக்காவின் ஃபெண்டர், கிப்சன் கிட்டார்களின் வடிவத்தைப் பின்பற்றி மின்கிட்டார்கள் செய்தன. ஹமாமட்சு நகரின் டோக்காய், காண்டா ஷோகாய் நிறுவனம் விற்ற கிரெக்கோ, பெர்னாண்டஸ் நிறுவனத்தின் பர்னி ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை. ஒரே வடிவத்தில் பல விலைகளில் கிட்டார்கள் வந்ததால், எது எந்த விலை என்பது பெயரிலேயே தெரியும்படி அவர்கள் எளிய வழி ஒன்றைக் கையாண்டார்கள்.

டோக்காய் எஸ்டி-50 என்றால் 50,000 யென். எல்எஸ்-80 என்றால் 80,000 யென். பர்னி ஆர்எல்ஜி-60 என்றால் 60,000 யென். அதாவது, எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் விலை. கிரெக்கோவின் கணக்கு வேறு. அதன் இஜி-500 கிட்டாரின் விலையும் 50,000 யென்தான். அங்கே நூறால் பெருக்க வேண்டும்.

1982ஆம் ஆண்டு, ஜப்பானியப் போட்டியைச் சமாளிக்க ஃபெண்டர் நிறுவனமே காண்டா ஷோகாய், யாமானோ காக்கி ஆகிய இரண்டு ஜப்பானிய நிறுவனங்களோடு சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கியது. அதன் பெயரிடும் முறையில் இரண்டு எண்கள் வந்தன. எஸ்டி62-115 என்பதில் 115 என்பது 115,000 யென். 62 என்பது விலை அல்ல; 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் வடிவத்தைப் பின்பற்றியது என்று பொருள். எஸ்டி57 என்றால் 1957ஆம் ஆண்டு வடிவம். 57ஐவிட 62 உயர்ந்தது என்று யாராவது சொன்னால், அவர் ஆண்டைத் தரமாகப் படிக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அறிவியல் ஆசிரியர் உங்களிடம் அலுக்காமல் சொல்லும் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறதா? அலகு இல்லாத எண்ணுக்குப் பொருள் இல்லை. "நீளம் 5" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். மீட்டரா, சென்டிமீட்டரா என்று எழுத வேண்டும். கிரெக்கோ 500ம் டோக்காய் 50ம் ஒரே விலை என்பதும் அதே பாடம்தான். யமாஹா பசிஃபிக்கா 112 என்று புதிதாகப் பழகுவோர் வாங்கும் கிட்டார் ஒன்று உண்டு. அதன் விலை 112,000 யென் அல்ல. அந்த எண்ணுக்கும் யென்னுக்கும் தொடர்பே இல்லை. ஐபனேஸ் கிட்டார்களிலும் எல்லா எண்களையும் விலையாகப் படிக்க முடியாது. ஜப்பானியக் கிட்டாரின் எண் எல்லாம் விலைதான் என்பது பாதி உண்மை.

மூன்று "ஒரே"

அப்படியென்றால் அந்த எண் பயனற்றதா? இல்லை. மூன்று நிபந்தனைகள் பொருந்தினால் அது நல்ல தகவல். ஒரே நிறுவனம், ஒரே காலம், ஒரே வரிசை. 1980ஆம் ஆண்டின் டோக்காய் எஸ்டி-50ஐயும் அதே ஆண்டின் எஸ்டி-80ஐயும் ஒப்பிட்டால் எண்பதில் கூடுதல் செலவு செய்திருப்பார்கள் என்று நம்பலாம். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் ஒப்பீடு ஆட்டம் காணும்.

முதலில் நிறுவனம். நாகானோ மாநிலத்தின் மட்சுமோட்டோ நகரில் 1960ஆம் ஆண்டு தொடங்கிய ஃபுஜிகென் என்ற தொழிற்சாலை, கிரெக்கோவுக்கும் ஐபனேஸுக்கும் ஃபெண்டர் ஜப்பானுக்கும் கிட்டார்கள் செய்து கொடுத்தது. ஒரே தொழிற்சாலையிலிருந்து வெவ்வேறு பெயர்களும் வெவ்வேறு எண் முறைகளும் கொண்ட கிட்டார்கள் வெளியேறின. பெயரும் எண்ணும் மாறுவதால் செய்த கைகள் மாறிவிடுவதில்லை.

அடுத்தது காலம். 1974ஆம் ஆண்டு, எண்ணெய் நெருக்கடியை அடுத்து ஜப்பானில் பொருள்களின் விலை ஒரே ஆண்டில் ஏறக்குறைய 23 விழுக்காடு ஏறியது. 1973ஆம் ஆண்டில் 50,000 யென் வாங்கிய பொருளை அடுத்த சில ஆண்டுகளில் அதே பணத்துக்கு வாங்க முடியாது. ஆகவே, அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் வந்த கிட்டாரையும் முடிவில் வந்த கிட்டாரையும் எண்ணை வைத்து ஒப்பிடுவது, உங்கள் தாத்தா காலத்து ஒரு வெள்ளியையும் இன்றைய ஒரு வெள்ளியையும் ஒன்று என்று சொல்வதுபோல.

நாட்டைத் தாண்டினால் குழப்பம் இன்னும் கூடும். 1971 வரை ஓர் அமெரிக்க டாலருக்கு 360 யென் என்று நாணய மதிப்பு நிலையாக இருந்தது. 1985ஆம் ஆண்டில் அது சுமார் 240 யென். 1988ஆம் ஆண்டில் சுமார் 130 யென். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 50,000 யென் கிட்டார் 1985ஆம் ஆண்டில் ஏறக்குறைய 208 டாலர். 1988ஆம் ஆண்டில் ஏறக்குறைய 385 டாலர். மரம் அதே மரம், கம்பி அதே கம்பி. வெளிநாட்டில் விலை மட்டும் இரண்டு மடங்கை நெருங்கிவிட்டது. இந்த மூன்று ஆண்டுகளில் தரம் இரண்டு மடங்கு ஆனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கூடுதல் 30,000 யென் எங்கே போனது?

மூன்று "ஒரே"யும் பொருந்திவிட்டன என்று வைத்துக்கொள்வோம். 50க்கும் 80க்கும் இடையில் உள்ள 30,000 யென் எதற்குச் செலவானது என்பதுதான் அடுத்த கேள்வி. இதை இரண்டு கூறாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் கூறு, கிட்டார் வேலை செய்யும் விதத்தைத் தொடுவது. மலிவான ரகத்தின் உடல் சில வேளைகளில் ஒட்டுப்பலகையால் ஆனது. விலை ஏற ஏற, குறைவான துண்டுகளை ஒட்டிய கட்டி மரம் வரும். சுருதி சேர்க்கும் திருகாணிகள் நழுவாமல் நிற்கும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பும் மேம்படும். இவை உண்மையான வேறுபாடுகள்.

இரண்டாவது கூறு, கண்ணுக்கானது. மேப்பிள் மரத்தில் புலிவரிபோல் ஓடும் ரேகைகள், விளிம்பில் ஓடும் வெள்ளைப் பட்டை, உலோகப் பாகங்களுக்குத் தங்க முலாம். இவற்றுக்கு உழைப்பும் பணமும் நிறையச் செலவாகும். ஓசைக்கு இவை சேர்ப்பது ஒன்றும் இல்லை.

மேற்பூச்சைப் பாருங்கள். விலை உயர்ந்த ரகங்கள் சிலவற்றில் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் பூசுவார்கள். அதிலுள்ள கரைப்பான் ஆவியாகித்தான் அது காய வேண்டும். எனவே, மெல்லிய பூச்சாகப் பல முறை பூசி, ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். மலிவான ரகங்களுக்குப் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன். பாலியெஸ்டர் ரசாயன வினையால் இறுகுவது. ஒரே தடவையில் தடிமனாகப் பூசி, விரைவில் வேலையை முடித்துவிடலாம். வேலை நேரம் கூடுவதால் லேக்கரின் விலை கூடுகிறது. ஆனால், லேக்கர் எளிதில் கீறல் விழும். வியர்வை பட்டால் மங்கும். நம் ஊர் வெயிலுக்கும் ஈரப்பதத்துக்கும் எது ஏற்றது என்று கேட்டால், மலிவான பூச்சுதான் என்று நான் சொல்வேன்.

காது எதைக் கேட்கிறது?

மின்கிட்டாரின் இதயம் பிக்கப். காந்தத்தைச் சுற்றி, தலைமுடி அளவு மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய சுருள்தான் அது. எஃகுக் கம்பி அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கல் ஃபாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. நைலான் கம்பியை மாட்டினால் மின்கிட்டார் ஊமையாகிவிடும். பிக்கப் "கேட்பது" காற்றை அல்ல, காந்தப்புலத்தின் மாற்றத்தை. எனவே, கம்பி, பிக்கப், அது அமைந்த இடம், ஒலிபெருக்கி, வாசிப்பவரின் விரல் ஆகியவைதான் ஓசையைப் பெரிதும் முடிவு செய்கின்றன. உடல் மரத்தின் பங்கு பற்றி வாசிப்பவர்களிடையே சண்டையே நடக்கிறது. அந்தப் பங்கு இருந்தாலும் மற்றவற்றின் முன்னால் சிறியது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கிட்டார் சரியான சுருதியில் ஒலிக்க வேண்டும். கழுத்தில் பதித்த உலோக மெட்டுகள் அதற்காகத்தான். வீணை வாசிப்பவர்களுக்கு மெட்டு என்ற சொல் தெரிந்திருக்கும். 12 அரைச்சுரங்கள் ஏறினால் அதிர்வெண் இரட்டிப்பாக வேண்டும். ஆகவே, ஒவ்வோர் அரைச்சுரத்துக்கும் அதிர்வெண்ணை எதால் பெருக்க வேண்டும்? தன்னைத்தானே 12 முறை பெருக்கினால் 2 வரும் எண்ணால். அது ஏறக்குறைய 1.0595.

ஃபெண்டர் வகைக் கிட்டாரில் கம்பியின் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். அதை 1.0595ஆல் வகுத்தால் 611.6. ஆகவே, முதல் மெட்டு மேல்முனையிலிருந்து 36.4 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். பன்னிரண்டாவது மெட்டு சரியாக நடுவில், 324 மில்லிமீட்டரில். இந்தக் கணக்கு எஸ்டி-50க்கும் எஸ்டி-115க்கும் ஒன்றுதான். அதிக விலை கொடுத்தால் 36.4 இன்னும் சிறந்த 36.4 ஆகிவிடாது. ஜப்பானியத் தொழிற்சாலைகளின் சாதனையாக நான் மதிப்பது இதைத்தான். மலிவான கிட்டாரிலும் மெட்டுகளைச் சரியான இடத்தில் அடித்தார்கள். அந்தக் கிட்டார்களை இன்றும் மக்கள் தேடுவதற்கு முதல் காரணம் புலிவரி அல்ல, இந்த ஒழுங்கு.

கண்ணை மறைத்தால்

"விலை உயர்ந்ததை வாசித்துப் பார்த்தேன், வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், அவர்களுக்கு விலை முன்பே தெரியும். தெரிந்த விலை காதுக்குள் புகுந்துவிடும்.

வயலின் உலகில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டு, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு ஹோட்டல் அறையில், 21 அனுபவமிக்க வயலின் கலைஞர்கள் ஆறு வயலின்களை வாசித்தார்கள். மூன்று புதியவை, மற்ற மூன்றும் ஸ்ட்ராடிவாரியும் குவார்னேரியும் செய்த புகழ்பெற்ற பழைய வயலின்கள். பழைய மூன்றின் மொத்த மதிப்பு புதியவற்றின் மதிப்பைப்போல் ஏறக்குறைய 100 மடங்கு. அறையில் மங்கிய வெளிச்சம். கலைஞர்கள் அணிந்த கண்ணாடியும் இருட்டு. பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று முகவாய் வைக்கும் இடத்தில் வாசனைத் திரவியம்கூடத் தடவினார்கள். முடிவு என்ன தெரியுமா? அதிகம் பேர் விரும்பியது ஒரு புதிய வயலின். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. தாங்கள் விரும்பிய வயலின் பழையதா, புதியதா என்பதைப் பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை. கிளாடியா ஃப்ரிட்ஸ் குழுவினரின் இந்த ஆய்வு 2012ஆம் ஆண்டில் வெளியானது.

ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது என்பது சரி. ஆனால், பெயரும் விலையும் மறைந்தால் தீர்ப்பு மாறக்கூடும் என்பதை அது காட்டியது. எண்ணுக்கு மட்டும் இந்த மயக்கம் இல்லை. "வழக்குக் காலத்துக் கிட்டார்" என்று விளம்பரத்தில் போட்டாலே விலை ஏறுகிறது. உண்மையில் 1977ஆம் ஆண்டு கிப்சனின் தாய் நிறுவனம் வழக்குத் தொடுத்தது ஐபனேஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற நிறுவனத்தின்மீது. அதுவும் கிட்டாரின் தலைப்பகுதியின் வடிவத்துக்காக. வழக்குக்கு உள்ளானதால் ஒரு கிட்டார் நன்றாக ஒலிக்காது.

வாங்கும் முன் நீங்கள் செய்யக்கூடியவை

எண் என்பது கிட்டார் பிறந்தபோது எழுதிய சீட்டு. 40 ஆண்டுகளில் மெட்டுகள் தேய்ந்திருக்கும், கழுத்து வளைந்திருக்கும், பிக்கப்பை யாராவது மாற்றியிருப்பார்கள். பல கிட்டார்களில் ரக எண் வெளியே எழுதப்பட்டிருக்காது. விற்பவர் ஊகித்துச் சொல்வார். ஆகவே, பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். ஓர் அளவுநாடாவையும், கைத்தொலைபேசியில் இலவசச் சுருதிச் செயலி ஒன்றையும் கொண்டுபோங்கள்.

முதலில், மேல்முனையிலிருந்து பன்னிரண்டாவது மெட்டு வரை அளந்து பாருங்கள். ஃபெண்டர் வகையென்றால் 324 மில்லிமீட்டர் வர வேண்டும். பிறகு, கம்பியைத் திறந்த நிலையில் சுருதி சேர்த்து, பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். செயலி அதே சுரத்தைக் காட்ட வேண்டும். சிறிது விலகினால் கவலை வேண்டாம். கம்பி தங்கும் இடத்தைத் திருகாணியால் நகர்த்திச் சரிசெய்யலாம். திருகாணி கடைசி வரை போயும் சரியாகாவிட்டால் விலகிவிடுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டிப் பாருங்கள். எங்கேயாவது "கிர்ர்" என்ற இரைச்சல் வருகிறதா? கழுத்தின் நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் முறுக்கு ஏதாவது தெரிகிறதா? ஒலிபெருக்கியில் இணைத்துக் குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா? இந்தக் கேள்விகளில் எதற்கும் எஸ்டி-80 என்ற எண் பதில் சொல்லாது.

இரண்டு கிட்டார்களும் ஒரே கடையில் இருந்தால் இன்னொன்று செய்யலாம். நீங்கள் திரும்பி நின்றுகொள்ளுங்கள். நண்பர் நாணயம் சுண்டி, ஏதாவது ஒன்றை வாசிக்கட்டும். ஒலிபெருக்கியின் அமைப்பை மாற்றக் கூடாது. எது 80 என்று பத்து முறை சொல்லுங்கள். வெறும் ஊகத்தில் எட்டோ அதற்கு மேலோ சரியாக வருவதற்கான வாய்ப்பு 1,024இல் 56தான். எட்டு சரி என்றால் உங்கள் காதுக்கு ஏதோ கேட்கிறது என்று கொள்ளலாம். ஐந்தோ ஆறோ என்றால் மீதிப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஓசை தவிர, கையில் எது இதமாக இருக்கிறது என்பதை நீங்களே வாசித்துத்தான் அறிய வேண்டும்.

"நல்ல கிட்டார் இருந்தால்தானே பயிற்சி செய்ய ஆசை வரும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மோசமான கிட்டார் உண்மையிலேயே கெடுதல் செய்யும். கம்பி உயரமாக நின்றால் விரல் வலிக்கும். சுருதி விலகினால் சரியாக வாசித்தாலும் தவறாகக் கேட்கும். இரண்டு மாதத்தில், "எனக்கு இசை வராது" என்று கிட்டாரை மூலையில் வைத்துவிடும் பிள்ளைகள் உண்டு. குறை அவர்களிடம் அல்ல, திருகாணியில் இருந்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன்: பெரிய எண்ணுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பகுதியைக் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கழுத்தையும் கம்பி உயரத்தையும் சரிசெய்யுங்கள். புதுக் கம்பிகள் மாட்டுங்கள். நன்றாகச் சரிசெய்த ஐம்பது, கவனிப்பாரற்றுக் கிடந்த எண்பதைவிட உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

ஒன்றை மட்டும் அந்த ஜப்பானிய நிறுவனங்களின் சார்பில் சொல்ல வேண்டும். விலையைப் பெயரிலேயே எழுதியது ஒரு நேர்மை. "புரோ", "டீலக்ஸ்", "அல்டிமேட்" என்ற பட்டங்களை இன்றைய கைத்தொலைபேசிகளிலும் காலணிகளிலும் பார்க்கிறோம். அவை எதையும் அளப்பதில்லை. 50 என்பது "இதன் விலை 50,000 யென்" என்று மட்டுமே சொன்னது. தரத்தின் சான்றிதழாக அதை மாற்றியது நாம்தான்.

அடுத்த முறை ஒரு பொருளின் பெயரில் எண்ணைக் கண்டால், வாங்கலாமா என்று யோசிப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்த எண் எதை அளக்கிறது? நான் அறிய விரும்புவதும் அதுதானா? இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அளவுநாடாவைக் கையில் எடுங்கள்.